பெயர் நீக்கிய வீடு

விரிவுரையாளர் நிசாந்தினியின் பாடத்தில் அந்த வருடம் பாதிப்பேர் விழுந்து எழும்பினார்கள். பாடம் ஒன்றும் கஷ்டமானதல்ல. விவசாய பீடத்து மூன்றாம் வருட மாணவர்களுக்கு ஆய்வு செய்யும் முறையைச் சொல்லிக்கொடுக்கும் பாடம். முன்பு படிப்பித்தவர்கள் பழைய குறிப்புகளை வாசித்துவிட்டுப் போனார்கள், ஒருவருக்கும் குறை இருக்கவில்லை. நிசாந்தினி வந்து ஒரு விதி வைத்தாள். ஒருவர் செய்த ஆய்வை இன்னொருவர் தன்னுடைய கணினியில் முதலிலிருந்து திரும்பச் செய்து பார்க்க வேண்டும். செய்தவரிடம் வாய் திறந்து ஒன்றும் கேட்கக்கூடாது. அவர் விட்டுவைத்த தரவும், கணக்குப் போட்ட வழியும்தான் துணை. அதே எண்கள் வந்தால் இருவருக்கும் புள்ளி, வராவிட்டால் இருவருக்கும் இல்லை.

"எங்கட கம்பியூட்டரில வந்ததே மிஸ்" என்ற வசனம் அந்த லாப்பில் நாளாந்தம் கேட்டது. ஒருவன் தன் தரவையெல்லாம் அம்மாவின் பெயர் போட்ட ஃபோல்டருக்குள் வைத்துவிட்டு, மற்றவனுடைய கணினியிலும் அந்தப் பெயரில் ஒன்று இருக்கும் என்று நம்பியிருந்தான். இன்னொருத்தி எக்செல் கட்டங்களுக்கு நிறம் பூசியிருந்தாள். மஞ்சள் என்றால் சந்தேகம், பச்சை என்றால் சரி. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். நிசாந்தினி ஒருவரையும் ஏசவில்லை. "உமக்கு மட்டும் தெரிஞ்சது ஆய்வில்லை, அது உம்மட ஞாபகம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கணினிக்குப் போனாள்.

இந்தப் பிடிவாதம் அவளுக்குச் சும்மா வந்ததல்ல. முதுமாணிப் படிப்பின்போது அவள் ஒரு பிரசுரமான கட்டுரையை நம்பி, அதில் சொன்ன கணக்கைத் தன்னுடைய நெல் வயல் தரவுக்குப் போட்டுப் பார்த்துப் பாதி வருடத்தைத் தொலைத்திருந்தாள். கட்டுரை எழுதியவரிடம் எழுதிக் கேட்டபோது, தரவு இருந்த கணினி பழுதாகிவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அந்த இரண்டு வரிக்குப் பிறகு அவள் ஒருவருடைய முடிவையும் முழுதாக நம்பியதில்லை.

விதி இன்னொன்றும் இருந்தது. வேலை முடிந்ததும் தரவை எல்லோரும் பார்க்கக்கூடிய பொதுத்தளத்தில் ஏற்ற வேண்டும், முடிவைத் தகவல் தந்த ஊருக்கும் அனுப்ப வேண்டும். பளையில் பிறந்து வளர்ந்த நிசாந்தினிக்கு இதற்கும் ஒரு காரணம் இருந்தது. சண்டை முடிந்து சனம் திரும்பிவந்த காலத்தில் அவளுடைய வீட்டுக்கே எத்தனையோ பேர் படிவத்தோடு வந்தார்கள். எத்தனை பேர், எத்தனை கோழி, ஆர் காணாமல் போனது என்று கேட்டு எழுதிக்கொண்டு போனவர்களில் ஒருவர்கூட, எழுதியதை வைத்து என்ன செய்தோம் என்று திரும்பிவந்து சொன்னதில்லை.

"வன்னியில எண்ணாத வீடில்லை" என்று அவள் வகுப்பில் சொன்னாள். "எண்ணினதைத் திருப்பிக் கொண்டுபோய்க் காட்டின ஆக்களைத்தான் நான் காணேல்ல. நீங்கள் காட்டுங்கோ."

துறைத் தலைவர் சிற்றம்பலத்துக்கு இதிலெல்லாம் பெரிய ஈடுபாடு இல்லை. "முதல் பிள்ளையள் ஒழுங்கா ஒரு ரிப்போர்ட் எழுதப் பழகட்டும், பேந்து உலகத்துக்குக் காட்டலாம்" என்பார். ஆனாலும் தடுக்கவில்லை.

அந்த வகுப்பில் விதிகளை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியவள் தனுஷா. ஓமந்தைப் பிள்ளை. அவளுடைய ஆய்வு ஜெயபுரத்து வீடுகளின் குடிதண்ணீர் பற்றியது. எந்தக் கிணறு உவர், எது நல்லது, ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் எடுக்க ஆர் எவ்வளவு தூரம் போகிறார்கள், பக்கத்தில் நல்ல கிணறு இருந்தும் அதில் அள்ளாவிட்டால் ஏன் அள்ளுவதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் இருந்து, தேத்தண்ணி குடித்து, பொறுமையாகக் கேட்டு எழுதியிருந்தாள். பெயர்களை நீக்கிவிட்டு வீடுகளுக்கு இலக்கம் கொடுத்தாள். பொதுத்தளத்தில் ஏற்றினாள். ஜெயபுரம் கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர் செல்வநாயகத்துக்கு வாட்ஸப்பில் லிங்க்கும் அனுப்பினாள். நிசாந்தினி அதைப் பெரிய திரையில் போட்டு, "இப்பிடித்தான் இருக்கோணும்" என்று வகுப்புக்குக் காட்டினாள். தனுஷா வெட்கப்பட்டுக்கொண்டு மேசையைப் பார்த்தாள்.

தனுஷாவின் ஆய்வைத் திரும்பச் செய்து பார்க்கும் முறை வினோஜாவுக்கு வந்தது. வினோஜா வவுனியாவிலிருந்து வந்து விடுதியில் நிற்பவள், அதிகம் கதைக்காத பிள்ளை. அன்று மற்றவர்கள் எல்லோரும் ஏதோவொரு இடத்தில் முட்டிக்கொண்டு நிற்க, அவள் அரை மணித்தியாலத்தில் நான்கு அட்டவணைகளையும் எடுத்துவிட்டாள். ஒரு தசமம் பிசகவில்லை. நிசாந்தினி பார்த்து, சிரித்து, புள்ளியைப் போட்டாள். வினோஜா சிரிக்கவில்லை. திரையை மேலும் கீழும் உருட்டிக்கொண்டு இருந்தாள்.

வகுப்பு முடிந்த பிறகு அறைக்கு வந்து கதவடியில் நின்றாள்.

"உள்ள வாரும். என்ன, கணக்கில ஏதும் பிழையோ?"

"கணக்குச் சரி மிஸ்." அவள் கதிரையின் நுனியில் இருந்தாள். "அதில ஒரு வீடு எனக்குத் தெரியும்."

"பெயர் எடுத்திருக்குத்தானே?"

"பெயர் இல்லை மிஸ். பொம்பிளை, தனிய இருக்கிறா, ஒரு கால் பொய்க்கால், வாத்து வளக்கிறா எண்டு இருக்கு. ஜெயபுரத்தில வாத்து வளக்கிறது என்ர பெரியம்மா மட்டும்தான். ஊரில ஆரிட்டக் காட்டினாலும் வடிவம்மா வீடெண்டு சொல்லுவினம்."

நிசாந்தினி கோப்பைத் திறந்தாள். இலக்கமிட்ட வரிசைகளுக்கு நடுவே அந்த வீடு இருந்தது. குடும்பத் தலைவி, வயது, கால், வாத்து. தண்ணீருக்கு நடக்கும் தூரம் அந்த ஊரிலேயே அதிகம். கடைசி நிரலில், பக்கத்துக் கிணற்றில் ஏன் அள்ளுவதில்லை என்ற கேள்விக்கு, தனுஷா கேட்டதைக் கேட்டபடியே எழுதியிருந்தாள். பக்கத்து வளவுக் கிணறு நல்ல தண்ணீர்தான், முந்தி அங்கேதான் அள்ளியது, தனிய அள்ள நிற்கும்போது அந்த வீட்டு ஆம்பிளை வந்து பக்கத்தில் நின்று கதைக்கும், ஒருநாள் கையைப் பிடித்தது, அதற்குப் பிறகு போவதில்லை.

"இது அவா எங்களுக்கே சொல்லேல்ல மிஸ்" என்றாள் வினோஜா. "கால் பழக்கத்துக்கு நடக்கிறன் எண்டுதான் அம்மாட்டச் சொன்னவா. நாங்களும் நம்பிக்கொண்டு இருந்தனாங்கள்."

 நிசாந்தினி கணினியைத் தன் பக்கம் திருப்பி, பொதுத்தளத்தில் இருந்து கோப்பை நீக்கினாள். அதுவரை சிலர் அதைத் தரவிறக்கியிருந்தார்கள் என்று தளம் காட்டியது. யாரென்று காட்டவில்லை. ஆனால் ஒருவரை அவளுக்குத் தெரியும். லிங்க்கைச் செல்வநாயகத்துக்கு அனுப்பச் சொன்னதே அவள்தான்.

தனுஷாவைக் கூப்பிட்டுச் சொன்னபோது அந்தப் பிள்ளையின் முகம் வெளிறிப்போனது.

"பெயரை எடுத்தனான் மிஸ். நீங்கள் சொன்ன மாதிரித்தான் செய்தனான்."

"ஓம். நான் சொன்ன மாதிரித்தான் செய்தனீர்" என்றாள் நிசாந்தினி.

செல்வநாயகத்துக்கு அழைத்தாள். மனிதர் மரியாதையாகப் பேசினார். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் இருக்கிறது, பிரதேச சபை ஊருக்கு இரண்டு பொதுக்குழாய் தருவதாகச் சொல்லியிருக்கிறது, எங்கே பூட்டுவதென்று முடிவெடுக்க வேண்டும், பிள்ளை அனுப்பிய கணக்கை அங்கே காட்டத்தான் வைத்திருக்கிறார்.

"ஐயா, நீங்கள் அதைத் திறந்து பாத்தனீங்களோ?"

"நேர வாங்கோவன், கதைப்பம்" என்றார்.

சனிக்கிழமை காலை நிசாந்தினி, தனுஷா, வினோஜா மூவரும் கிளிநொச்சியில் ஓட்டோ பிடித்து அக்கராயன் வழியாகப் போனார்கள். நிசாந்தினி தொலைபேசியில் அந்தக் கடைசி நிரலை மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு வந்தாள். இத்தனை நாளும் அவள் பார்த்தது எத்தனை வீடு தூரம் என்றது, எத்தனை வீடு உவர் என்றது, எத்தனை வீடு பிணக்கு என்றது என்பதைத்தான். நான்காம் அட்டவணையில் அவை வெறும் வீதங்கள். இப்போதுதான் ஒவ்வொன்றாக வாசித்தாள். அந்த வீட்டோடு எங்களுக்குக் கதை பேச்சில்லை. எங்களை அதில் அள்ள விடமாட்டினம், ஏனென்று உங்களுக்குத் தெரியும்தானே. மாமியின் கிணறு, அதில் அள்ளினால் இவருக்குக் கோபம். ஒவ்வொரு பதிலுக்குப் பின்னாலும் ஒருவர் இருந்தார், அந்த ஊரில் இருக்கிற எவரும் அது யாரென்று சொல்லிவிடுவார். அவள் திரையை அணைத்துவிட்டு வெளியே பார்த்தாள். வயல்கள் அறுத்துக் காய்ந்து கிடந்தன. முன்னால் போன உழவு இயந்திரம் புழுதியை ஓட்டோவுக்குள் அனுப்பியது.

வடிவம்மாவின் குடும்பம் எண்பதுகளுக்கு முன்பே மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து அடிபட்டு ஓடிவந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியது. கடைசிச் சண்டையில் அவருக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போனது. புருஷனும் அதே வருடம் போனார். மனுசி வீட்டு முற்றத்தில் வாத்துகளுக்குத் தவிடு குழைத்துக்கொண்டு இருந்தவர், வினோஜாவைக் கண்டதும் கையைக் கழுவாமலே எழும்பி வந்தார்.

"என்ன புள்ள, சொல்லாமக் கொள்ளாம? அட, தண்ணிக் கணக்குக் கேட்ட புள்ளயும் வந்திருக்கு! உள்ள வாங்க, உள்ள வாங்க."

பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தார்கள். ஆர் தொடங்குவதென்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் வினோஜாதான் சொன்னாள். தனுஷா எழுதியதைக் கணினியில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் போட்டிருந்தது, இப்போது எடுத்தாயிற்று, ஆனால் கொஞ்ச நாள் இருந்தது.

"எம் பேரப் போட்டீங்களா?"

"பேர் போடேல்ல பெரியம்மா. வாத்து போட்டிருக்கு. கால் போட்டிருக்கு."

வடிவம்மா சிரித்தார். "பேர விட அது நல்ல அடையாளமாச்சே." அந்தச் சிரிப்போடேயே, "வேறென்ன போட்டிருக்கு?" என்று கேட்டார்.

அவர் வினோஜாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு தனுஷாவின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"நீ தண்ணியப் பத்தித்தானே கேட்ட?"

"ஓமம்மா. ஏன் அங்க அள்ளுறேல்ல எண்டும் கேட்டனான். நீங்கள் சொன்னீங்கள்…"

"உங்கிட்டச் சொன்னேன். நீ இந்தக் கதிரையில உக்காந்து தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்த. எம் மகள் மாதிரி இருந்த, சொன்னேன். பேப்பருக்கா சொன்னேன்?"

தனுஷா அழத் தொடங்கினாள். வடிவம்மா அவளைத் தேற்றவும் இல்லை, ஏசவும் இல்லை. நிசாந்தினியைப் பார்த்தார்.

"நீங்கதான் டீச்சரா?"

"ஓமம்மா. எழுதினது அவா, போடச் சொன்னது நான். பிழை என்னிலதான்."

"பிழை ஆரிலன்னு நான் கேக்கல. அத அழிக்க முடியுமா முடியாதா?"

"வலையில இருந்து எடுத்திட்டம். ஆராவது முதலே எடுத்து வைச்சிருந்தா, அதை எங்களால ஒண்டும் செய்யேலாது. உங்களிட்டப் பொய் சொல்ல விருப்பமில்லை."

"அப்ப இந்தப் புள்ளகிட்ட இருக்கிறது? அத இப்ப, இங்க வச்சு அழி."

தனுஷா மடிக்கணினியைத் திறந்து நிசாந்தினியைப் பார்த்தாள். மூலத்தரவை எந்தக் காரணம் கொண்டும் அழிக்கக்கூடாது, திருத்துவதென்றால் பிரதியில் திருத்த வேண்டும் என்று இரண்டாவது வாரமே நிசாந்தினி கரும்பலகையில் எழுதி, கீழே கோடும் போட்டிருந்தாள். பூட்டி வைக்கலாம், கடவுச்சொல் போடலாம், ஒருவரும் பார்க்காமல் துறையில் வைத்திருக்கலாம். இந்த வசனங்கள் எல்லாம் அவளுக்கு வாயில் வந்தன. எதிரே இருந்த மனுசி இன்னும் தவிடு ஒட்டிய கையோடு இருந்தார். நிசாந்தினி தனுஷாவுக்குத் தலையசைத்தாள்.

"எல்லாத்தையும் அழிக்கவோ அம்மா?" என்று தனுஷா கேட்டாள்.

"தண்ணிக் கணக்கு வேணும்னா வச்சுக்க. நான் எம்புட்டுத் தூரம் நடக்கிறேன்னு ஊருக்கே தெரியும். ஏன் நடக்கிறேங்கிறது என்னோட."

தனுஷா அந்த நிரலை முழுவதுமாக, எல்லா வீடுகளின் பதில்களோடும் சேர்த்து அழித்தாள். தொலைபேசியில் இருந்ததையும், பென்டிரைவில் இருந்ததையும் அழித்தாள். நிசாந்தினி தன் தொலைபேசியில் இருந்ததை அழித்தாள், தன் கணினியில் இருப்பதைத் திரும்பிப் போனதும் அழிப்பதாக வினோஜா சொன்னாள். கையால் எழுதிய தாள்களில் அந்தக் கேள்வி இருந்த பக்கங்களையெல்லாம் பிடுங்கிக் கொடுத்தாள். வடிவம்மா அவற்றைப் பார்க்காமலே வாங்கி, அடுப்பில் வைக்கக் குசினிக்குள் போனார். திரும்பி வந்து தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்கவில்லை.

வெளியே வரும்போது வினோஜாவை மட்டும் பிடித்து நிறுத்தி, "அம்மாகிட்டச் சொல்லாத" என்றார்.

செல்வநாயகத்தின் வீடு அதே ஒழுங்கையில் ஒரு வளவு தள்ளி இருந்தது. தகப்பன் காலத்தில் வடமராட்சியிலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்த குடும்பம். அண்ணன் தம்பி இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் காணி. அவர் வயலில் இருந்து அப்போதுதான் வந்து சேர்ட் போட்டுக்கொண்டு இருந்தார். பெண்பிள்ளைகள் இருவரையும் முற்றத்து மாமர நிழலில் இருக்கச் சொல்லிவிட்டு, நிசாந்தினியை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அவள் பேசத் தொடங்குமுன் அவரே சொன்னார்.

"வாசிச்சனான் மிஸ். முழுக்க வாசிச்சனான்."

"ஐயா…"

"அது என்ர தம்பி."

அவர் அவளைப் பார்க்காமல் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டு கதைத்தார்.

"வாசிச்சதில இருந்து நித்திரை இல்லை. அவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேப்பம் எண்டுதான் முதல் நினைச்சன். கேட்டா, ஆர் சொன்னது எண்டு கேப்பான். நான் சொல்லாட்டியும் அவனுக்கு விளங்கும். பேந்து அந்த மனுசி இந்த ஒழுங்கையால போய்வரேலாது. கேக்காமலும் இருக்கேலாம கிடக்கு."

"இதை நீங்கள் வேற ஆருக்கும் காட்டினனீங்களோ?"

"இல்லை. என்ர மனுசிக்கும் காட்டேல்ல. நீங்கள் சொல்லுங்கோ, வேற ஆர் பாத்தது?"

"தெரியாது ஐயா. சிலபேர் எடுத்திருக்கினம். ஆரெண்டு தெரியிற வழியில்லை."

அவர் தலையாட்டினார். மேசையில் கிடந்த தொலைபேசியை எடுத்து அவளிடம் நீட்டினார். "நீங்களே அழியுங்கோ. எனக்கு உது ஒழுங்காத் தெரியாது."

நிசாந்தினி அழித்தாள். அவர் தொலைபேசியை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டார். "இதில அழிஞ்சிட்டுது" என்றார். ஓட்டோ வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

மறுநாள் கூட்டத்தில் தனுஷா மொத்தக் கணக்கை மட்டும் காட்டினாள். எந்த ஒழுங்கையில் கிணறுகள் உவர், எங்கே சனம் தூரம் போகிறது. வீட்டு இலக்கம்கூட இல்லை. பின்வரிசையில் இருந்த நிசாந்தினி முதல்நாள் பார்த்திராத முகங்களைப் பார்த்தாள், இவர்களில் எவரெவர் எந்தப் பதிலைச் சொன்னார்கள் என்று நினைக்காமல் இருக்க முயன்றாள். அது முடியவில்லை. வடிவம்மா வரவில்லை. செல்வநாயகத்தின் தம்பி யாரென்று கேட்காமலே தெரிந்தது. அண்ணனின் அதே மூக்கு. வாசலருகே தொலைபேசியைப் பார்த்தபடி இருந்தார்.

முதலாவது குழாய் பள்ளிக்கூடத்தடியில் என்று உடனே முடிவாயிற்று. இரண்டாவதற்கு நாலைந்து பேர் தங்கள் தங்கள் ஒழுங்கையைச் சொன்னார்கள். எல்லோரும் சொல்லி முடிய, செல்வநாயகம் எழும்பினார்.

"எங்கட ஒழுங்கையின்ர கடைசியில போடுவம். அங்க இருந்துதான் கூடத் தூரம் போகினம், பிள்ளையின்ர கணக்கில இருக்கு. தண்ணித் தாங்கி வைக்க என்ர காணியில இடம் விடுறன்."

"உங்கட ஒழுங்கையில நல்ல கிணறு இருக்கே அண்ணை, உங்கட தம்பியின்ர" என்றார் ஒருவர்.

"அது வீட்டுக் கிணறு" என்றார் செல்வநாயகம். "குழாய் எல்லாருக்கும்."

அவர் தம்பியின் பக்கம் திரும்பவில்லை. தம்பி தொலைபேசியில் இருந்து தலை நிமிர்த்தி அண்ணனைக் கொஞ்சநேரம் பார்த்தார், பிறகு எழும்பி வெளியே போனார். கை உயர்த்தச் சொன்னபோது பெரும்பான்மை உயர்த்தியது. அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகு கதைத்தார்களா, என்ன கதைத்தார்கள் என்பது நிசாந்தினிக்குத் தெரியவரவில்லை. குழாய் அந்த மாரி கழிந்து, இரண்டு தடவை குழாய்க் கிடங்கு வெட்டி மூடிய பிறகு வந்தது.

திங்கட்கிழமை நிசாந்தினி நடந்ததை ஊர்ப்பெயரோ ஆட்பெயரோ இல்லாமல் துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னாள். சிற்றம்பலம் முழுவதும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் அப்பவே சொன்னனான். உதுகளை அலுமாரியில வைச்சுப் பூட்டினா ஒருத்தருக்கும் ஒண்டும் வராது."

"திறந்து வைக்காட்டி அந்தப் பிள்ளை கண்டிருக்க மாட்டா சேர். பிழை செய்தனாங்கள் எண்டே எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரியாமலே இருந்திருக்கும். அந்த மனுசிக்கு அது நல்லமெல்லோ?"

இருவர் சொன்னதும் உண்மையாகத்தான் இருந்தது. நிசாந்தினி, "எல்லாத்தையும் மூடினா அடுத்த முறை நாங்கள் சொல்லுற கணக்கை ஆரும் நம்பத் தேவையில்லை சேர். அங்க குழாய் வரப்போறது அந்தக் கணக்காலதான். திறக்கிறதுக்கு முதல் என்ன பாக்கிறது எண்டு நான் சொல்லிக்குடுக்கேல்ல. அதைச் சொல்லிக்குடுக்கிறன்" என்றாள்.

சிற்றம்பலம் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "இனி என்ர கையெழுத்தில்லாமல் ஒண்டும் தளத்தில ஏறக்கூடாது" என்றார். அவள் ஒப்புக்கொண்டாள். அன்றே தன்னுடைய விதிகளோடு இன்னொன்றைச் சேர்த்தாள். கோப்பை ஏற்றுவதற்கு முதல், அந்த ஊரைத் தெரிந்த, ஆனால் அந்த ஆய்வில் சேராத ஒருவர் இருந்து வரி வரியாக வாசித்து, இதில் எனக்கு ஆரையும் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். அதைப் பழக்கும் முதலாவது வகுப்பை வினோஜாவே எடுத்தாள். எதுவும் விளக்கவில்லை. கற்பனையாக ஒரு ஊர், பத்து வீடுகள், பெயரில்லாத ஒரு கோப்பு. அந்த ஊர் நீங்கள் பிறந்த ஊர் என்று நினைத்துக்கொள்ளுங்கோ, எத்தனை வீட்டைப் பிடிப்பியள் என்று கேட்டாள். பிரதீபன் என்ற மாணவன் எட்டு வீட்டைப் பிடித்தான். பிடித்துவிட்டு, தான் ஏற்றியிருந்த கோப்பைப் பொதுத்தளத்தில் இருந்து நீக்க நேரம் கேட்டான்.

தவணை முடிவில் தனுஷாவின் அறிக்கை வேறொரு பல்கலைக்கழகத்தில் இருந்த இரண்டாம் பரீட்சகருக்குப் போனது. அவரும் நிசாந்தினியைப் போலப் பிடிவாதக்காரர், தானே எல்லாவற்றையும் திரும்ப ஓட்டிப் பார்த்தார். மூன்று அட்டவணைகள் அப்படியே வந்தன. நான்காவது வரவில்லை. அதன் கீழே தனுஷா எழுதியிருந்தாள்: இந்த அட்டவணையை இந்தத் தரவிலிருந்து இனி ஒருவராலும் பெற முடியாது, தகவல் தந்த ஒருவர் தான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

அவர் நிசாந்தினிக்கு அழைத்தார். "எனக்கு மட்டும் அந்த நிரலை அனுப்புங்கோ. நான் ஒருத்தருக்கும் காட்டமாட்டன்."

"இல்லை சேர். அழிச்சாச்சு."

"பிரதி?"

"இல்லை."

"மூலத்தை அழிக்கக்கூடாதெண்டு நீங்களே படிப்பிக்கிறனீங்கள். உங்கட பாடத்திட்டத்தில இருக்கு, முன்னால வைச்சிருக்கிறன்."

"ஓம் சேர். படிப்பிக்கிறனான்."

"அப்ப இந்த அட்டவணைக்கு நான் புள்ளி தரேலாது."

"விளங்குது சேர்" என்றாள் நிசாந்தினி. அவர் சொன்னதில் ஒரு பிழையும் அவளுக்குத் தெரியவில்லை. புள்ளித்தாள் வந்ததும் கையெழுத்திட்டு அனுப்பினாள்.

தனுஷாவுக்கு பி பிளஸ் வந்தது. வகுப்பில் எல்லோரும் அவளுக்கு ஏ என்றுதான் நினைத்திருந்தார்கள். அவள் பெறுபேற்றைப் பார்த்துவிட்டு நிசாந்தினியின் அறைக்கு வந்தாள். புள்ளியைப் பற்றிக் கதைக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து நிசாந்தினி விளக்கம் சொல்லத் தயாராக இருந்தாள். அவள் இறுதி வருட ஆய்வுக்குத் தலைப்புக் கேட்க வந்திருந்தாள். அதே ஊரில், ஒரு வருடம் முழுக்க, மாரியிலும் கோடையிலும் கிணறுகளின் உவர் எப்படி மாறுகிறதென்று அளக்க வேண்டும்.

"அந்த ஊருக்குத் திரும்பப் போகப்போறீரோ?"

"போய்க் கேட்டிட்டு வந்தனான் மிஸ்."

"ஆரிட்ட?"

"எல்லாரிட்டயும். வடிவம்மாட்டயும்." தனுஷா தலையைக் குனிந்துகொண்டாள். "அவாவின்ர உவர்க் கிணத்தில வேணுமெண்டா தண்ணி அள்ளிக்கொண்டு போகட்டாம். தன்னட்ட ஒண்டும் கேக்கவேண்டாமாம்."

"வேறென்ன சொன்னவா?"

"வேறொண்டும் சொல்லேல்ல. கேற்றடியிலயே நிண்டு கதைச்சவா."

நிசாந்தினி விண்ணப்பத்தை எடுத்து, தண்ணீர் மாதிரி எடுக்க எத்தனை போத்தல் வேண்டும் என்று கேட்டாள். இரண்டு பேரும் இருந்து கணக்குப் பார்த்தார்கள்.